குடிமைப் பண்பைத் தண்ணீர்க் குடத்திலிருந்து தொடங்குங்கள்

நம் பாடப்புத்தகத்தின் முன்பக்கங்களில் மூன்று வரிகள் இருக்கும். தீண்டாமை ஒரு பாவச்செயல், தீண்டாமை ஒரு பெருங்குற்றம், தீண்டாமை மனிதத்தன்மையற்ற செயல். ஒன்றாம் வகுப்பிலிருந்து பிள்ளைகள் கையிலேயே இருக்கிற வரிகள் இவை. மதுரை மாவட்டத்தில் மேலூர்ப் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் சமூக அறிவியல் எடுக்கப் போன முதல் வருடம், இதை மூச்சுவிடாமல் ஒப்பித்த பையன்கள் அரை மணி நேரம் கழித்து மதியச் சாப்பாட்டுக்குத் தெரு வாரியாகப் பிரிந்து உட்கார்ந்ததைப் பார்த்தேன். யாரும் அப்படி உட்காரச் சொல்லவில்லை, யாரும் யாரையும் திட்டவும் இல்லை. வேப்பமரத்தடியில் ஒரு தெரு, வராந்தாவில் இன்னொரு தெரு. அன்று காலையில்தான் சமத்துவம் என்ற தலைப்பில் பாடம் நடத்தியிருந்தேன். மனசு ரொம்ப நொந்துபோனது.

அதற்குப் பிறகு பள்ளிகள் மாறினேன், பல விதமாக முயற்சி செய்து பார்த்தேன், சிலது பலித்தது, பலது பலிக்கவில்லை. பலித்ததை மட்டும் இங்கே எழுதுகிறேன். எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒரே விஷயம்தான்: சமத்துவம், நீதி எல்லாம் பாடமாக வந்தால் பிள்ளைகள் ஒப்பிக்கிறார்கள், தண்ணீர்க் குடம், விளக்குமாறு, சாப்பாட்டு வரிசை, லீடர் பதவி என்று வகுப்பில் எல்லாருக்கும் பொதுவாக இருப்பதை நாம் எப்படிப் பங்குபோடுகிறோமோ அதைத்தான் கற்றுக்கொள்கிறார்கள்.

முதல் வாரம் ஒன்றும் செய்யாதீர்கள், பாருங்கள்

ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். காலையில் யார் கூட்டுகிறார்கள், தண்ணீர் தூக்க யார் போகிறார்கள், உங்களுக்கு டீ வாங்கிவர யாரை அனுப்புகிறீர்கள், கரும்பலகையில் பேசியவர்கள் பட்டியலில் அடிக்கடி யார் பெயர் வருகிறது, சாப்பாட்டுக்கு யார் யாரோடு உட்காருகிறார்கள், இதையெல்லாம் எழுதி வையுங்கள். யாரிடமும் காட்ட வேண்டாம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் உட்கார்ந்து படித்தால் உங்களுக்கே தெரிந்துவிடும். பெரும்பாலும் கூட்டுவது பெண்பிள்ளைகளாக இருக்கும். தண்ணீர் தூக்குவது அதே மூன்று பேராக இருக்கும். கடைசி பெஞ்ச் ஒரே தெருவாக இருக்கும். இதில் பாதி, வீட்டிலிருந்து வந்தது. மீதிப் பாதியை நாம்தான் செய்து வைத்திருக்கிறோம், யோசிக்காமல்.

என் நோட்டில் என்னைப் பற்றியும் ஒன்று எழுத வேண்டியிருந்தது. உதவித்தொகைப் படிவம் வந்தபோது வகுப்பு நடுவே நின்று, இன்ன பிரிவுப் பிள்ளைகள் எல்லாம் எழுந்திருங்கள் என்று சொன்னேன். அலுவலக வேலை சீக்கிரம் முடியட்டும் என்ற அவசரம், வேறு ஒன்றுமில்லை. எழுந்து நின்றவர்களில் ஒரு பெண்பிள்ளை அன்று மதியம் தனியாகத் தட்டை எடுத்துக்கொண்டு படிக்கட்டில் போய் உட்கார்ந்தாள். அரசியலமைப்புச் சட்டத்தின் பிரிவு 17 தீண்டாமையை ஒழித்துவிட்டது என்று நான் எத்தனை முறை நடத்தினாலும் அந்த ஒரு நாளை அது அழிக்காது. இப்போது என் வழக்கம் இதுதான்: இப்படிப்பட்ட படிவம் எதுவாக இருந்தாலும் பெற்றோரிடம் நேரில் அல்லது போனில், இல்லையென்றால் பிள்ளையை ஒவ்வொருவராக அலுவலக அறைக்கு அழைத்து. கூடுதலாக இரண்டு நாள் ஆகும், ஆகட்டும்.

வேலைப் பங்கீடு

எல்லார் பெயரையும் சீட்டில் எழுதி ஒரு ஹார்லிக்ஸ் டப்பாவில் போடுங்கள். திங்கட்கிழமை காலையில் குலுக்கல். கூட்ட நான்கு பேர், தண்ணீருக்கு மூன்று பேர், கரும்பலகைக்கு ஒருவர், சாப்பாட்டு வரிசையைப் பார்த்துக்கொள்ள இரண்டு பேர். வந்த சீட்டை வெளியே வையுங்கள், எல்லார் முறையும் முடிந்த பிறகுதான் மறுபடி டப்பாவுக்குள் போகவேண்டும். உங்கள் பெயரும் அதில் இருக்கவேண்டும், இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். நான் விளக்குமாற்றை எடுத்த முதல் நாள் இரண்டு பிள்ளைகள் ஓடிவந்து பிடுங்கப் பார்த்தார்கள், "நீங்க வேணாம் சார்" என்று. முறை என்றால் முறை என்று சொல்லிக் கூட்டி முடித்தேன்.

கழிப்பறை இந்தக் குலுக்கலில் கிடையாது. கழிப்பறை கழுவ எந்தப் பிள்ளையையும் எந்தக் காரணத்துக்காகவும் அனுப்பக் கூடாது, தண்டனையாகவும் கூடாது. நம் பகுதியில் அந்த வேலைக்கு எந்தப் பிள்ளை அனுப்பப்படும் என்பது எல்லாருக்கும் தெரியும்.

இரண்டாம் வாரம் ஒரு அப்பா வருவார். எனக்கும் வந்தார். "எம்பய வீட்ல ஒரு டம்ளர எடுத்து வைக்க மாட்டான், இங்க கூட்டச் சொல்றீகளாமே சார்" என்றார். "அண்ணே, வகுப்புல முப்பத்தெட்டுப் பேரும் கூட்டுறாங்க, நானும் கூட்டுறேன், வெள்ளிக்கிழமை வந்து பாருங்க" என்றேன். சண்டை போடாதீர்கள், விளக்க உரையும் வேண்டாம், வந்து பார்க்கச் சொல்லுங்கள். அவர் வரவில்லை, ஆனால் மறுபடி கேட்கவும் இல்லை.

சாப்பாட்டு வரிசைக்கும் இதே மாதிரி ஒரு ஏற்பாடு வேண்டும். தெரு வாரியாக உட்காருகிறவர்களைப் பிடித்து இழுத்துக் கலந்து உட்கார வைத்தால் அன்று மட்டும் உட்காருவார்கள். அதற்குப் பதில் ஒற்றைப்படை எண் வருகைப் பதிவுக்காரர்கள் ஒரு வாரம் பரிமாறட்டும், இரட்டைப்படைக்காரர்கள் மறுவாரம். பரிமாறுகிறவர்கள் கடைசியில் சேர்ந்து சாப்பிடவேண்டும். கையால் வாங்கிச் சாப்பிட்டுவிட்டால், பக்கத்தில் உட்காருவது பெரிய விஷயமாகத் தெரிவதில்லை. காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று நம் மதுரையில்தான் தொடங்கியது. தொடக்கப் பள்ளியில் வேலை பார்க்கிறவர்களுக்கு இப்போது காலையிலும் ஒரு பந்தி கிடைத்திருக்கிறது, அந்தக் கால் மணி நேரத்தை விட்டுவிடாதீர்கள்.

வகுப்புக்கு ஒரு முகப்புரை

நவம்பர் 26 அரசியலமைப்பு நாள். 1949இல் அன்றுதான் அரசியல் நிர்ணய சபை நம் சட்டத்தை ஏற்றுக்கொண்டது, நடைமுறைக்கு வந்தது 1950 ஜனவரி 26. வழக்கமாக அன்று முகப்புரையை வாசித்துவிட்டுக் கலைந்துவிடுவோம். அதை ஜூன் மாதமே, பள்ளி திறந்த கையோடு எடுத்துக்கொள்ளுங்கள். "இந்திய மக்களாகிய நாம்" என்ற தொடக்கத்தைக் கரும்பலகையில் எழுதி, இதில் "நாம்" என்பது யார் என்று கேளுங்கள். எங்கள் வகுப்பில் முதலில் வந்த பதில் பிரதமர், அடுத்தது கலெக்டர். நீ இருக்கிறாயா என்று ஒவ்வொருவராகக் கேட்டபோது கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

அப்புறம் "எட்டாம் வகுப்பு மாணவர்களாகிய நாம்" என்று தொடங்கி அவர்களையே எழுதச் சொல்லுங்கள். நீதி, சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்ற நான்கு சொற்களையும் கொடுத்து, இந்த அறைக்குள் அது எப்படி இருக்கும் என்று கேட்டால் போதும். சுதந்திரம் என்றால் தெரியவில்லை என்று பயமில்லாமல் சொல்வது என்று ஒரு பிள்ளை எழுதியது, அதைவிட நன்றாக நான் விளக்கியிருக்க மாட்டேன். ஐந்து விதிக்கு மேல் வேண்டாம். அவை உங்களையும் கட்டவேண்டும். "பாடம் நடக்கும்போது சார் போன் பேசக் கூடாது" என்று எழுதுவார்கள், கையெழுத்துப் போடுங்கள், பிறகு மீறாதீர்கள்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். நம் பள்ளிகளில் கடமையைப் பற்றித்தான் அதிகம் பேசுகிறோம். அடிப்படைக் கடமைகள் 1976இல் 42ஆவது திருத்தத்தில் சேர்ந்தவை, அப்போது பத்து. பதினொன்றாவது 2002இல் வந்தது, அது பிள்ளையைப் படிக்கவைக்க வேண்டிய பெற்றோரின் கடமை. அவை வேண்டும்தான். ஆனால் கடமையை மட்டும் கேட்டு வளர்கிற பிள்ளை, நல்ல குடிமகன் என்றால் சொன்னதைச் செய்கிறவன் என்று நினைத்துக்கொள்கிறது. உரிமையில் தொடங்குங்கள். தன் உரிமை மதிக்கப்படுவதைக் கண்ட பிள்ளைக்கு அடுத்தவன் உரிமையைப் புரியவைப்பது சுலபம். அதனாலேயே சொல்கிறேன், கையில் குச்சி இருந்தால் இதில் எதுவும் நடக்காது. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் அடிப்பதையும் மனம் நோகப் பேசுவதையும் சேர்த்தே தடை செய்திருக்கிறது.

காணாமல் போன ஜாமெட்ரி பாக்ஸ்

எல்லா வகுப்பிலும் வருடத்துக்கு நாலு தடவையாவது ஏதாவது காணாமல் போகும். நீதி சொல்லிக்கொடுக்க இதைவிட நல்ல சமயம் கிடைக்காது, இதைவிட மோசமாக நாம் நடந்துகொள்கிற சமயமும் கிடையாது. எல்லார் பையையும் கொட்டச் சொல்வோம், அதிலும் முதலில் ஒரு குறிப்பிட்ட பையன் பையை.

அதனால் காணாமல் போவதற்கு முன்பே கண்ணகி வழக்கை நடத்திவிடுங்கள். மதுரைப் பிள்ளைகளுக்குக் கதை தெரிந்திருக்கும், நடிக்கச் சொன்னால் உடனே கிளம்பிவிடுவார்கள். சிலம்பு விற்க வந்த கோவலன், அரசியின் சிலம்பைத் தானே திருடிவிட்டு அவன்மேல் பழி போட்ட பொற்கொல்லன், ஆளை அனுப்பிய பாண்டியன். நடித்து முடிந்ததும் ஒரே கேள்வி: ராஜா எந்த இடத்தில் தவறினார்? பொற்கொல்லனை நம்பியது என்பார்கள். அங்கேயே விட்டுவிடாதீர்கள். நம்பலாம், நம்பின பிறகு எதைச் செய்யாமல் விட்டார் என்று கேளுங்கள். கொஞ்சம் பொறுத்தால் "கோவலன்கிட்ட ஒரு வார்த்தை கேக்கவே இல்லையே சார்" என்று வரும். அடுத்து, சிலம்பை அன்றே உடைத்துப் பார்த்திருந்தால் உள்ளே மாணிக்கமா முத்தா என்று தெரிந்திருக்குமே என்று வரும். கடைசியாக நீங்கள் ஒன்றை எடுத்துக்கொடுங்கள்: தப்பு தெரிந்த பிறகு அந்த அரசன் மழுப்பவில்லை, கண்ணகியைக் குற்றம் சொல்லவில்லை, தானே கள்வன் என்று ஒத்துக்கொண்டான்.

இதிலிருந்து எங்கள் வகுப்பு எடுத்த நடைமுறை: பழி விழுந்தவர் முதலில் பேசுவார், இடையில் யாரும் குறுக்கிடக் கூடாது. கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்லவேண்டும், "அவன்தான் எடுத்திருப்பான்" என்பது சாட்சி ஆகாது. எல்லார் முன்னாலும் பையைச் சோதிக்கக் கூடாது, ஏனென்றால் அதுவே ஒரு தண்டனை. தவறாகச் சந்தேகப்பட்டுவிட்டால் எல்லார் முன்னாலும் சொல்லி வருத்தம் தெரிவிக்கவேண்டும். போன வருடம் ஒரு ஜாமெட்ரி பாக்ஸ் தொலைந்து இரண்டு நாள் விசாரணை நடந்து, கடைசியில் ஓவிய வகுப்பு நடந்த அறையில் ஜன்னல் மேல் கிடந்தது. சந்தேகப்பட்ட பையன் எழுந்து நின்று சொல்லிவிட்டு உட்கார்ந்தான். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

லீடர் தேர்தல்

முதலில், பேசுகிறவர்கள் பெயரைப் பலகையில் எழுதுகிற வேலையை லீடரிடமிருந்து எடுத்துவிடுங்கள். அது பதவி இல்லை, வேவு பார்ப்பது. குடத்தில் தண்ணீர் இல்லை, ஃபேன் ஓடவில்லை, ஒரு பிள்ளை மூன்று நாளாக வரவில்லை, இதைக் கவனித்து வந்து சொல்வதுதான் லீடர் வேலை. பதவிக்காலம் ஒரு மாதம். ஓட்டுச்சீட்டு ரகசியமாக இருக்கவேண்டும், எண்ணுவது எல்லார் கண் முன்னாலும் நடக்கவேண்டும்.

பிள்ளைகள் தெரு பார்த்து ஓட்டுப் போடுவார்கள். பெரியவர்களைப் பார்த்து வளர்கிறவர்கள், வேறு எப்படிப் போடுவார்கள்? நான் ஒரு விதி வைத்தேன்: நிற்கிறவரை முன்மொழிய ஒருவர், வழிமொழிய ஒருவர், இரண்டு பேரும் வெவ்வேறு பக்கத்திலிருந்து வருகிறவர்களாக, வேட்பாளரோடு ஒரே வழியில் வீட்டுக்குப் போகாதவர்களாக இருக்கவேண்டும். ஆதரவு கேட்கவாவது பிள்ளை அந்தப் பக்கம் போய்ப் பேசவேண்டியிருக்கும். முழுசாகச் சரியாகிவிடாது, ஆனால் அந்தப் பேச்சு நடப்பதே பெரிது.

தேர்தல் முடிந்த வாரம்தான் நம் ஊர்க் கதையைச் சொல்லச் சரியான நேரம். உசிலம்பட்டிப் பக்கம் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளில் தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கான ஒதுக்கீட்டுக்குப் போன பிறகு, 1996 தொடங்கிப் பத்து வருடம் தேர்தல் ஒழுங்காக நடக்கவில்லை, 2006இல்தான் நடந்தது. எட்டாம் வகுப்புக்கு இதைச் சொல்லலாம். மேலூர்ப் பக்கம் மேலவளவில் 1997 ஜூன் 30 அன்று, அதே ஒதுக்கீட்டில் ஜெயித்த ஊராட்சித் தலைவர் முருகேசனும் அவரோடு இருந்தவர்களும் கொல்லப்பட்டதை ஒன்பது, பத்தாம் வகுப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள், முன்கூட்டியே தலைமையாசிரியரிடம் பேசிவிட்டு. சொல்லும்போது எந்தப் பிள்ளையின் முகத்தையும் பார்த்து நிற்காதீர்கள். ஓட்டு வாங்கி ஜெயித்தவரை நாற்காலியில் உட்கார விடாமல் செய்தார்கள் என்பதுதான் பேச்சு, எந்தத் தெரு என்பது இல்லை. சில பிள்ளைகளுக்கு இது வீட்டில் கேட்ட கதை, வேறு மாதிரிக் கேட்டிருப்பார்கள். எதிர்த்துப் பேசினால் பேசவிடுங்கள்.

இதை மட்டும் சொல்லி நிறுத்தக் கூடாது. மேலூருக்குப் பக்கத்தில் தும்பைப்பட்டியில் பிறந்த கக்கன், 1939 ஜூலை 8 அன்று காங்கிரஸ் தலைவர் வைத்தியநாத ஐயரோடு, அதுவரை பட்டியல் சாதியினரை விடாத மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நுழைந்தவர்களில் ஒருவர், பிற்பாடு இதே மாநிலத்துக்கு உள்துறை அமைச்சர். கோயில் நுழைவுக்குச் சட்டப் பாதுகாப்பு அதற்குப் பிறகுதான் வந்தது. அப்படியென்றால் சட்டம் வருவதற்கு முன்னால் உள்ளே போனது சரியா என்று கேட்டுப் பாருங்கள். எங்கள் வகுப்பில் இரண்டு பீரியட் போதவில்லை.

கலர் கயிறு

2023இல் நாங்குநேரியில் ஒரு மாணவன் சக மாணவர்களாலேயே வெட்டப்பட்ட பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில் கையில் கட்டும் சாதிக் கயிறுகளைப் பள்ளியில் தடுக்கச் சொன்னது. எனக்கும் அதே எண்ணம்தான். ஆனால் கத்தரிக்கோலோடு வகுப்புக்குள் போகாதீர்கள். எல்லார் முன்னாலும் வெட்டினால் கயிறு கொடியாகிவிடும், மறுநாள் பத்துப் பேர் கட்டி வருவார்கள். தனியாகக் கூப்பிட்டு, யார் கட்டிவிட்டது, கட்டாவிட்டால் யார் என்ன சொல்வார்கள் என்று கேளுங்கள். பல பையன்களுக்கு அதை அவிழ்க்க ஒரு சாக்கு தேவைப்படுகிறது. "சார் திட்டுறாரு" என்பது நல்ல சாக்கு, கொடுங்கள்.

விருந்தினராக யாரை அழைப்பது

சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்கிய மறுநாள் வைகைக் கரையைப் பார்த்திருக்கிறீர்களா? நீர்மோர் டம்ளரும் தண்ணீர் பாக்கெட்டும் குவிந்து கிடக்கும். அதை அள்ளுகிறவர்களில் ஒருவரை, அல்லது உங்கள் ஊராட்சித் தூய்மைப் பணியாளரை, ஒரு நாள் வகுப்புக்கு அழையுங்கள். நாற்காலி போட்டு, முதலில் டீ கொடுத்து, பிள்ளைகளைப் பேர் சொல்லி அறிமுகப்படுத்திக்கொள்ளச் சொல்லுங்கள். எங்கள் பள்ளிக்கு வந்த அம்மா முதலில் உட்காரவே மாட்டேன் என்றார். உட்கார்ந்த பிறகு, ஊசியையும் உடைந்த கண்ணாடியையும் குப்பையில் தனியாகப் பொட்டலம் கட்டிப் போடுங்க கண்ணுகளா, கை கிழிஞ்சுபோகுது என்று உள்ளங்கையைக் காட்டினார். அதற்குப் பிறகு குப்பை பற்றி நான் பாடம் எடுக்கவே தேவைப்படவில்லை.

உண்மையான மனு

அனுப்புநர், பெறுநர், பொருள் என்று கடிதம் எழுத ஆறாம் வகுப்பிலிருந்து சொல்லித்தருகிறோம், ஆனால் அந்தக் கடிதம் எந்தத் தபால்பெட்டியையும் பார்ப்பதில்லை. நிஜமாக எழுதவையுங்கள். தெருவிளக்கு, உடைந்த குழாய், பள்ளி வாசலில் வேகத்தடை, எதுவானாலும் பிள்ளைகளே தேர்ந்தெடுக்கட்டும். யாருக்கு எழுதுவது என்பதே பாதிப் பாடம்: ஊராட்சிச் சாலையா, ஒன்றியச் சாலையா, நெடுஞ்சாலைத் துறையா என்று விசாரித்துத்தான் பெறுநரை எழுதமுடியும். நகல் எடுங்கள், கொடுத்ததற்கு ரசீது வாங்குங்கள். கலெக்டர் அலுவலகத்தில் திங்கட்கிழமைதோறும் குறைதீர் கூட்டம் உண்டு, கிராமசபை வருடத்தில் ஆறு நாள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. பிள்ளைகளுக்கு அங்கே ஓட்டு இல்லை, ஓரமாக உட்கார்ந்து பார்க்கலாம்.

கிராமசபையால் என்ன ஆகும் என்று கேட்டால் அரிட்டாபட்டியைச் சொல்லுங்கள். 2022இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட ஊர். 2024 நவம்பரில் அந்தப் பகுதி டங்ஸ்டன் சுரங்க ஏலத்தில் போனதும் சுற்று வட்டார ஊர்கள் கிராமசபைகளில் தீர்மானம் போட்டன, மேலூரிலிருந்து மதுரைக்கு ஊர்வலம் போயின, 2025 ஜனவரியில் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. தாத்தாவோடு அந்த ஊர்வலத்தில் நடந்த பிள்ளைகள் உங்கள் வகுப்பிலேயே இருப்பார்கள், அவர்களைச் சொல்லவிடுங்கள்.

நல்லொழுக்கத்துக்கு மார்க், பரிசு, நட்சத்திரம் எதுவும் வேண்டாம், அதைக் கொடுத்தால் நடிக்கத்தான் செய்வார்கள். பெற்றோர் கூட்டத்தில் பிள்ளைகளையே பேசவிடுங்கள், நாம் பேசுவதைவிட அது எடுபடுகிறது.

எங்கள் பள்ளி வாசலில் வேகத்தடை இன்னும் வரவில்லை. முதல் மனு தப்பான அலுவலகத்துக்குப் போனது, இரண்டாவதுக்குப் பதில் இல்லை, மூன்றாவதுக்கு ஒருவர் வந்து சாலையை அளந்துவிட்டுப் போனார். நான்காவதை இந்த வாரம் எழுதிக்கொண்டிருப்பது இப்போதைய ஏழாம் வகுப்பு. முதல் மனு எழுதியவர்கள் ஒன்பதாம் வகுப்புக்கு மேலூர் போய்விட்டார்கள், போவதற்கு முன்னால் மூன்று நகல்களையும் ரசீதுகளையும் ஒரு ஃபைலில் தேதி வாரியாகக் கோத்து, அலமாரியில் ஹார்லிக்ஸ் டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்கள்.